நொடிக்கு இருநூற்று எண்பத்தேழு சுற்று

சாவித்திரிக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. ஆலைகளுக்குக் காற்று ஊதும் பெரிய விசிறிகளும் மோட்டார்களும் செய்கிற கம்பெனி. அங்கே பேலன்சிங் மிஷினில் பத்தொன்பது வருடமாக நிற்கிறாள்.

மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்தை ரோட்டர் என்பார்கள். அதைத் தூக்கி மிஷினில் வைத்து ஓடவிட்டால், எந்தப் பக்கம் எத்தனை கிராம் கனம் கூடியிருக்கிறது என்று திரை காட்டும். கூடின பக்கத்தில் சின்னதாகக் குழி போட்டு எடுக்க வேண்டும். இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தில் புட்டி என்கிற பசையைப் பட்டாணி அளவு உருட்டி ஒட்ட வேண்டும். மறுபடி ஓடவிட வேண்டும். ஆட்டம் அடங்கும் வரை ரோட்டர் அவள் கையை விட்டுப் போகாது. ஒருமுறை, அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சரியாகப் பார்க்காமல் அனுப்பிய விசிறி ஒன்று சோதனை அறையில் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் பாதி புதைந்து நின்றது. அந்தச் சுவரைப் பூசிவிட்டார்கள். சாவித்திரி மட்டும் இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

வீடு நெமிலிச்சேரியில், ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை. புருஷன் கோதண்டம் பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவில் ஷேர் வேன் ஓட்டுகிறான். ஒரே மகள் ஸ்வாதி. பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள்.

கம்ப்யூட்டர் ஸ்வாதியுடையது. கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஆவடியில் ஒரு கடையில் பழசாக வாங்கியது. கேம் விளையாடுகிறவர் யாரோ விற்றுவிட்டுப் போனது என்பதால், வயசானாலும் அதற்கு வலு அதிகம். வாங்கி ஒரு மாதத்துக்குள் ஸ்வாதி அதில் ஏதோ ஒரு புரோகிராமைப் போட்டாள். அன்றிலிருந்து அது ராப்பகலாக ஓடியது. யாரும் உட்காராத நேரத்திலும் திரையில் ஒரு எண் மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. நாற்பத்தொன்று சதவீதம். நாற்பத்திரண்டு.

"இன்னாடி இது, யாரும் தொடாமயே ஓடிக்கினு கீது?" என்று சாவித்திரி கேட்டாள்.

"வானத்தைப் பாக்குற பெரிய ஆன்டெனாங்க இருக்குல்லம்மா, அதுங்க வருஷக்கணக்கா பதிவு பண்ணி வச்சிருக்கு. எல்லாத்தையும் அலசிப் பாக்க அவங்ககிட்ட இருக்கிற கம்ப்யூட்டர் பத்தாது. அதனால துண்டு துண்டா வெட்டி, உலகம் பூரா ஊட்ல சும்மா கெடக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்புறாங்க. நம்மளுது ஒரு துண்டை வாங்கி, கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பும். அப்புறம் அடுத்த துண்டு."

"ஜாப் ஒர்க் மாரி."

"கரெக்ட்டும்மா. ஜாப் ஒர்க்தான். கூலி கெடையாது."

எஸ்டேட்டில் பாதிப் பேர் ஜாப் ஒர்க்கில் பிழைக்கிறவர்கள். பெரிய கம்பெனி வேலையைப் பிரித்துச் சின்னப் பட்டறைகளுக்கு அனுப்பும். பட்டறை செய்து தேதிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்வாதி சொன்ன எல்லாவற்றிலும் சாவித்திரிக்கு நன்றாகப் புரிந்தது இதுதான். திரையின் ஓரத்தில் தேதி ஒன்று இருப்பதையும் அவள் கவனித்தாள். "இது டெலிவரி தேதியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஸ்வாதி. அதன்பிறகு சாவித்திரி அந்தக் கம்ப்யூட்டரை மரியாதையோடு நடத்தினாள். கரண்டு போய் வந்தால் முதலில் அதைத்தான் போய் ஆன் செய்வாள்.

ஸ்வாதிக்கு ஓசூரில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, "அதை ஆஃப் பண்ணி மூடி வச்சிரும்மா, யாருக்காச்சும் குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சாவித்திரி ஆஃப் செய்யப் போனாள். திரையில் அறுபத்தெட்டு சதவீதம் என்று இருந்தது. பாதி வேலையில் மிஷினை நிறுத்தி அவளுக்குப் பழக்கமில்லை. முடியட்டும் என்று விட்டாள். முடிந்ததும் அது தானாகவே அடுத்ததை வாங்கிக்கொண்டு பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. அதையும் முடியட்டும் என்று விட்டாள். இப்படியே ஒன்றரை வருடம் போயிற்று.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, செருப்பைக் கழற்றுகிறபோதே உள்ளேயிருந்து வருகிற சத்தம் சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அறைக்குள் போனாள். கம்ப்யூட்டர் பெட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் தானாகவே அணைந்தது. ஆன் செய்தாள்; பத்து நிமிடம் ஓடி மறுபடி அணைந்தது. பெட்டியைத் தொட்டால் சூடு.

ஸ்வாதிக்குப் போன் போட்டாள்.

"விடும்மா, அதுக்கு வயசாயிடுச்சி. தூக்கிப் போடு."

"எழுவத்தொரு பர்சென்ட்ல நிக்குதுடி. நாளன்னிக்கு டெலிவரி."

"யம்மா, நம்ம அனுப்பலைன்னா வேற யாருக்காவது குடுத்துப் பண்ணிக்குவாங்க. ஒன்னும் ஆவாது."

சாவித்திரி போனை வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. காற்று ஊதும் விசிறிக்குள் பல்லி ஒன்று விழுந்து செத்திருந்தது. ஒரு இறக்கையின் நுனி உடைந்து போயிருந்தது. பல்லியைக் காகிதத்தில் எடுத்துப் போட்டாள், தூசியைத் துடைத்தாள், பேரிங்கில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டாள். ஆனாலும் உடைந்த பக்கம் கனம் குறைச்சல், ஓடவிட்டால் ஆடியது. மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் பால்ராஜிடம் சொல்லிவிட்டு, புட்டியில் ஒரு சிட்டிகை கிள்ளிக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தாள். உடைந்த இறக்கைக்கு நேராக, விசிறியின் நடுக்குடத்தில் கடுகு அளவு ஒட்டினாள். ஓடவிட்டுக் கேட்டாள். கொஞ்சம் கிள்ளி எடுத்தாள். மறுபடி கேட்டாள். ஆறாவது தடவை சத்தம் அடங்கிற்று. எழுபத்தொன்று எழுபத்திரண்டானது.

"கம்பெனிலயும் இதேதான், ஊட்லயும் இதேதானா?" என்று கோதண்டம் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

இது நடந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து ஸ்வாதிக்கு ஒரு மெயில் வந்தது.

அவள் அதைப் படித்துவிட்டு நேராகக் குப்பைக்கு அனுப்பினாள். உங்கள் கணக்கில் இருக்கும் கம்ப்யூட்டர் புதிய நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடிக்க உதவியிருக்கிறது, உங்களோடு பேச வேண்டும் என்று எழுதினால் வேறு என்ன செய்வாள்? நாலு நாள் கழித்து இன்னொரு மெயில் வந்தது. அதே ஆள். பெயர் ரோஹித். புனேவில் வானொலி வானியல் ஆராய்ச்சி செய்கிறவன் என்று போட்டிருந்தது. அதை வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னாள். கோதண்டம் போனை வாங்கிக்கொண்டான்.

"பாப்பா, பேசாத. போன மாசம் நம்ம வண்டில வர்ற டீச்சரம்மாக்கு போன் பண்ணி, உன் பேர்ல வந்த பார்சல்ல கஞ்சா கீதுன்னு சொல்லிகிறானுங்க. அந்தம்மா மூனு நாளு ரூமை விட்டு வெளிய வர்லயாம். இவன் நட்சத்திரத்துல வரான்."

"ஓடிபி எதனா கேட்டானா?" என்றாள் பக்கத்திலிருந்து சாவித்திரி.

"ஒன்னும் கேக்கலம்மா. அதான் பயமா கீது."

ஸ்வாதி இரண்டு வரியில் பதில் எழுதினாள். நம்பமுடியவில்லை, மன்னிக்கவும் என்று. ரோஹித் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. நம்பவேண்டாம், நான் அனுப்பும் எதையும் தொடாதீர்கள். நீங்களே அந்தத் திட்டத்தின் தளத்துக்குப் போய், உங்கள் பாஸ்வேர்டு போட்டு, உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள் என்று எழுதினான். பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. புதிதாக மாற்றி உள்ளே போனாள். நாலு வருடத்தில் அந்தக் கம்ப்யூட்டர் முடித்து அனுப்பிய வேலைகள் பக்கம் பக்கமாக வரிசையில் கிடந்தன. அவள் ஓசூருக்குப் போன பிறகு முடித்ததுதான் அதில் பெரும்பாலும். ஒன்றுக்கு நேராக மட்டும் மஞ்சள் நட்சத்திரக் குறி இருந்தது.

ஸ்வாதி வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அணைக்கச் சொல்லி, பிறகு தூக்கிப் போடவும் சொன்னதை அம்மா ஒரு நாள்கூட அணைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு, அதே கம்ப்யூட்டருக்கு முன்னால், மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கோதண்டம் மட்டும், ஏதாவது எசகுபிசகானால் ஒயரைப் பிடுங்குவதற்கு வசதியாக, சுவிட்ச் பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டான்.

திரையில் வந்த ரோஹித்துக்கு முப்பது வயது இருக்கும். கலைந்த தலை. பின்னால் எழுதி எழுதி அழித்த வெள்ளைப் பலகை.

"வணக்கம். என் தமிழ் சுமாராத்தான் இருக்கும். அம்மாவுக்கு ஊர் திருச்சி, நான் பொறந்து வளர்ந்ததெல்லாம் புனே."

"பரவால்ல சார். நம்ம தமிழ் மட்டும் இன்னா வாழுது" என்றாள் சாவித்திரி.

அவன் சிரித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான். ரொம்பப் பெரிய நட்சத்திரம் ஒன்று ஆயுள் முடிந்து வெடிக்கிறது. நடுவில் மிச்சப்பட்ட கரு தன் பாரத்தாலேயே நசுங்கிச் சின்ன உருண்டையாகிவிடுகிறது. அது சுற்றுகிறது. சுற்றும்போது, கலங்கரை விளக்கின் வெளிச்சம் கடலில் வந்துவந்து போவதுபோல, அதன் ரேடியோ அலை பூமியின் மேல் வந்துவந்து போகிறது. வானத்திலிருந்து வருகிற இரைச்சலுக்குள் அந்தத் துடிப்பு புதைந்து கிடக்கிறது. அதைத்தான் இந்தக் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்தது.

"சுத்துதா?" என்றாள் சாவித்திரி. அதுவரை மரியாதைக்கு நாற்காலி நுனியில் இருந்தவள் இப்போது முன்னால் நகர்ந்தாள். "ஆர்பிஎம் எவ்ளோ சார்?"

ரோஹித் ஒரு நொடி திகைத்தான். "நாங்க செகண்டு கணக்குல சொல்லுவோம். ஒரு செகண்டுக்கு இருநூத்தி எண்பத்தேழு தடவை."

சாவித்திரியின் உதடு அசைந்தது. "அறுவதால பெருக்குனா... பதினேழாயிரத்து இருநூத்தி இருவது." ஸ்வாதியைப் பார்த்தாள். "நம்ம ஊட்டு மிக்ஸி, வெறும் ஜார போட்டு மூணுல வச்சா சுத்துற ஸ்பீடு கிட்டத்தட்ட."

"மிக்ஸியா!" என்றான் ரோஹித். யாரும் தன்னிடம் இப்படிச் சொன்னதில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. "ஆமாம். மிக்ஸி ஸ்பீடுதான்."

"டயா எவ்ளோ?"

"குறுக்களவு சுமாரா இருபத்துநாலு கிலோமீட்டர்."

"மீட்டரா?"

"கிலோமீட்டர்மா."

சாவித்திரி இதுவரை ஓடவிட்ட ரோட்டரிலேயே பெரியது அவள் இரண்டு கையை விரித்தால் அடங்கிவிடும். அதை நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்கு ஏற்றும்போதே மிஷினின் பாதுகாப்புக் கூண்டுக் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள்.

"இருவத்துநாலுன்னா நெமிலிச்சேரிலேந்து பேசின் பிரிட்ஜு வரும்" என்றான் கோதண்டம் ஸ்டூலிலிருந்து. தூரம் என்றால் அவனுக்கு அத்துப்படி.

"வெயிட்டு?"

"சூரியனைவிட ஜாஸ்தி."

"அப்டினா, ஒரு பட்டாணி அளவு அதுலேந்து எடுத்தா?"

ரோஹித் பலகையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "ஏழெட்டுக் கோடி டன் வரும்."

பட்டாணி அளவு புட்டியை ஆயிரக்கணக்கில் உருட்டிய தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சாவித்திரி ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். ஒரு உருண்டையின் எடை இரண்டு கிராம், மூன்று கிராம்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இம்மாம் பெருசு இந்த ஸ்பீடுல சுத்துனா வெளி ஓரம் இன்னா வேகம் போவும்? பிய்ச்சிக்கினு போயிடாதா?"

"வெளி ஓரம் ஒரு செகண்டுக்கு இருபத்தோராயிரம் கிலோமீட்டர் போகுது. வேற எதுவா இருந்தாலும் சிதறிடும். இதோட ஈர்ப்பு சக்தி அவ்வளவு ஜாஸ்தி, அதுவே அதை இறுக்கிப் புடிச்சு வச்சிருக்கு."

"சரி." அவள் குரல் தாழ்ந்தது. எத்தனையோ பேர் கொண்டுவந்து வைத்த ரோட்டரைப் பார்த்து முதலில் கேட்கிற கேள்வியைத்தான் இப்போதும் கேட்டாள். "ஆட்டம் எவ்ளோ கீது?"

திரை உறைந்துவிட்டதோ என்று ஸ்வாதி மவுஸை அசைத்துப் பார்த்தாள். ரோஹித் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, நீங்க என்ன வேலை பண்றீங்க?"

சொன்னாள்.

"நீங்க கேட்டதுதாம்மா எங்க எல்லாருக்கும் கேள்வி" என்றான் அவன். "ஒரு பக்கம் துளி மேடு இருந்தாலும், சுத்தும்போது இந்த விண்வெளியையே அது குலுக்கணும். அந்தக் குலுக்கல் அலையா இங்க வரைக்கும் வரணும். அதைப் புடிக்க பூமியில கிலோமீட்டர் கணக்குல நீளமான கருவிங்க கட்டி வருஷக்கணக்கா கேட்டுட்டிருக்காங்க. இந்த மாதிரி நட்சத்திரங்கள் எதுலேருந்தும் இன்னும் ஒன்னும் கேக்கல. அப்படின்னா மேடு இருந்தாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்க முடியாது."

"இருவத்துநாலு கிலோமீட்டர்ல ஒரு மில்லிமீட்டர்கூட இல்லியா?"

"இல்ல."

சாவித்திரி ஸ்வாதியின் நோட்டை இழுத்துக் கணக்குப் போட்டாள். அதே விகிதத்தில் பார்த்தால், அவள் கையில் வருகிற சாதாரண ரோட்டரில் அது ஒரு மைக்ரானில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை அளக்க எஸ்டேட்டில் கருவியே கிடையாது. பேனாவை வைத்துவிட்டாள். அவள் கண்ணில் நீர் நின்றது. அதை அவளே கவனிக்கவில்லை.

"யாரு சார் பேலன்ஸ் பண்ணது?" என்றாள்.

இதற்கு ரோஹித் சிரிக்கவில்லை. "யாரும் இல்லம்மா. அதோட பாரமே அதை வழிச்சு வழிச்சு உருண்டையாக்கிடுச்சு. பக்கத்துல இன்னொரு நட்சத்திரம் இருக்கு. அது மேலேருந்து வந்து விழுந்த பொருள்தான் இதைக் கோடிக்கணக்கான வருஷமா தட்டித் தட்டிச் சுத்தவிட்டிருக்கு."

"இப்ப தட்டுறது நின்னுட்சின்னா எவ்ளோ நேரம் ஓடும்?" மிஷினை அணைத்தால் அவளுடைய ரோட்டர் மூன்று நிமிடம் ஓடும். நல்ல பேரிங் என்றால் நாலு.

"எப்பவோ நின்னுடுச்சும்மா. இது சும்மா ஓடிட்டிருக்கு. இன்னும் நூறு கோடி வருஷம் ஆனாலும் நிக்காது."

பிறகு அவன் அந்தத் துடிப்பைச் சத்தமாக மாற்றிப் போட்டுக் காட்டினான். முதலில் அடை மழை மாதிரி வெறும் இரைச்சல். அதற்கு அடியில், கவனித்தால் மட்டும், ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. சாவித்திரி தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, வேலையில் கேட்பதுபோலக் கேட்டாள். ஸ்வாதியும் கோதண்டமும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒரு குற்றம் கண்டுபிடிப்பாள் என்று காத்திருந்தார்களோ என்னவோ.

"சுத்தம்" என்றாள் கடைசியில். அந்த ஒரு சொல்தான்.

"நீங்க இப்போ கேட்டது அங்கேருந்து கிளம்பி ஒன்பதாயிரம் வருஷம் ஆச்சு" என்றான் ரோஹித்.

ஸ்வாதி தன் கேள்விக்கு வந்தாள். அது எந்த வேலையில் கிடைத்தது? அன்றைக்கு வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? ரோஹித் பட்டியலைப் பார்த்துச் சொன்னான். ஜனவரி இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு நாற்பதுக்குக் கணக்கு முடிந்து விடை கிளம்பியிருக்கிறது. சரிதானா என்று பார்க்க அதே துண்டை இன்னொரு கம்ப்யூட்டருக்கும் கொடுப்பார்கள்; அது பின்லாந்தில் ஒரு தபால்காரர் வீட்டில் இருந்தது. அங்கேயும் அதே விடை. பிறகுதான் ஆன்டெனாவை அந்தத் திசையில் திருப்பிப் பார்த்து உறுதி செய்தார்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு நாற்பது. சாவித்திரி சாப்பாடு முடித்து மிஷினுக்குத் திரும்பியிருப்பாள். கோதண்டம் பூந்தமல்லியில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்திருப்பான். வீடு பூட்டியிருந்தது. ஜன்னல்கூடச் சாத்தியிருந்தது. பூட்டிய வீட்டுக்குள், ஒருவரும் இல்லாத மதியத்தில், இது நடந்திருக்கிறது. சாயங்காலம் வந்து சாவித்திரி எப்போதும்போல விளக்கைப் போட்டுச் சோற்றுக்கு உலை வைத்திருப்பாள்.

"அந்தத் தபால்காரரும் ஊட்டப் பூட்டிக்கினு வேலைக்குப் போயிருந்தாரா தம்பி?" என்று கேட்டாள். எப்போது 'சார்' போய் 'தம்பி' வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

"கேட்டுச் சொல்றேம்மா" என்றான் ரோஹித், உண்மையாகவே குறித்துக்கொண்டு.

முடிக்கும் முன், இதைப்பற்றி எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் நன்றி சொல்ல யார் பெயரைப் போடுவது என்று கேட்டான். கணக்கு ஸ்வாதியின் பெயரில் இருந்தது.

"எங்க அம்மா பேரைப் போடுங்க" என்றாள் ஸ்வாதி. "நான் ஆஃப் பண்ணச் சொன்னேன். ரெண்டு தடவை."

கட்டுரை வெளிவர இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று. அதில் கடைசிப் பக்கத்தில், பின்லாந்துக்காரரின் பெயருக்குப் பக்கத்தில், சாவித்திரி கோதண்டம், நெமிலிச்சேரி என்று இருந்தது. பால்ராஜ் அதைப் பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில், பாதுகாப்பு வாசகத்துக்கு மேலேயே ஒட்டினார். மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றும் பிரிவில் வேலை செய்கிற சபீனா ஒரு வாரம் முழுக்க, "அக்கா, இன்னிக்கு எத்தினி நட்சத்திரம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளே ஒருநாள் தன் தம்பியின் கம்ப்யூட்டரில் அந்தப் புரோகிராமைப் போட்டுத் தரச்சொல்லி ஸ்வாதியிடம் கேட்டாள். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு ஸ்வாதி படுக்கப் போனபோது, சாவித்திரி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்புங்க. ரயில்ல போய் பாத்துக்கினு வர்லாம்."

"எத்தம்மா?"

"அதோட சைஸ."

கோதண்டம் மறுப்பான் என்று ஸ்வாதி நினைத்தாள். அவன் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு மேல் ஒரு லோக்கல் வந்தது. ஞாயிறு என்பதால் கூட்டம் இல்லை. மூவருக்கும் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. நெமிலிச்சேரி பிளாட்பாரம் நகர ஆரம்பித்ததும் சாவித்திரி, "இது ஒரு ஓரம்" என்றாள். பட்டாபிராம் போயிற்று. இந்துக் கல்லூரி போயிற்று. ஆவடியில் ஒரு பெரிய குடும்பம், கையில் பலகாரக் கூடைகளோடு ஏறி, அவர்களைச் சுற்றி உட்கார்ந்தது. அண்ணனூர் பணிமனையில் ரயில்கள் வரிசையாக வெயிலில் நின்றன. எத்தனை வீடு, எத்தனை மொட்டை மாடி, காயப்போட்ட துணி, கோயில், மசூதி, கிரவுண்டில் கிரிக்கெட். எல்லாம் இன்னும் உள்ளேதான். ஸ்வாதி மூன்று வருடம் கல்லூரிக்கு இதே ரயிலில் பறந்தவள். இவ்வளவு மெதுவாக அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

அம்பத்தூர் வந்தபோது கோதண்டம் வாட்சைப் பார்த்தான். "பாதி."

"அப்போ நடு ஷாஃப்ட்டு இங்க வருது" என்றாள் சாவித்திரி. ஜன்னலுக்கு வெளியே அம்பத்தூர் பிளாட்பாரத்தை, பெஞ்சை, டிக்கெட் மிஷினை, அதற்கு முன்னால் சில்லறை தேடிய ஒரு பெரியவரை, புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பட்டரவாக்கத்தில் வண்டி நின்றதும் பழக்கத்தில் எழுந்துவிட்டாள். தினமும் இறங்குகிற இடம். ஸ்வாதி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கொரட்டூர். வில்லிவாக்கம். பெரம்பூருக்கு மூன்று ஸ்டேஷன், மூன்றிலும் ஆள் ஏறி இறங்கினார்கள். வியாசர்பாடி தாண்டித் தண்டவாளங்கள் பிரிந்து பிரிந்து பத்து, இருபது என்று பெருகின. பேசின் பிரிட்ஜில் இறங்கியபோது கிளம்பி முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பிளாட்பாரத்தின் முனைக்குப் போய், வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேற்கு வெயிலில் கண் கூசியது. தண்டவாளம் ஒரு கோடாகி, அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

"இவ்ளோ தூரமும்" என்றாள் சாவித்திரி. கையால் ஒரு பெரிய வட்டம் போடப் பார்த்தாள். கை பாதியில் நின்றது. "இவ்ளோ தூரமும் ஒன்னாத் திரும்புது. ஒரு மயிரிழை ஆடாம."

கோதண்டம் இடுப்பில் கை வைத்து நின்றான். காலையில் ஒயரைப் பிடுங்கக் காத்திருந்தவன்.

"இப்பவும் சுத்திக்கினுதான் கீதா?"

"சுத்திக்கினுதான் கீது."

"நாம ஒன்னுன்னு சொல்றதுக்குள்ள இருநூத்தி எம்பத்தேழா?"

"ஆமாங்க."

அவன் தாழ்ந்த குரலில், "ஒன்னு" என்றான்.

மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள்.

"ரெண்டு" என்றாள் ஸ்வாதி.

சாவித்திரி எண்ணவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, ரயில் சத்தத்துக்கும் ஊர் சத்தத்துக்கும் மேலே எங்கேயோ காதைக் கொடுத்திருந்தாள். வீட்டுக்குத் திரும்பிப் போகிற திருவள்ளூர் வண்டி வருகிறது என்று ஒலிபெருக்கி சொல்லியும் அவள் நகரவில்லை. வண்டி வந்து நின்ற பிறகுதான், இரண்டு பேரும் இரண்டு கையைப் பிடித்து, அவளை ஏற்றினார்கள்.